விரல் தடிமன் என்று யுகுலேலேயை மூலையில் வைத்தவர்களுக்கு



நாற்பது, ஐம்பது வயதுக்குப் பிறகு ஆசைப்பட்டு ஒரு யுகுலேலே வாங்கி, சி, ஏ மைனர், எஃப் என்று மூன்று கார்ட்களைப் பிடித்துப் பழகி, டி கார்டில் முட்டிக்கொண்டு, "நமக்கு இது சரிப்படாது, விரல் தடிமன்" என்று எடுத்து வைத்துவிட்ட உங்கள் எல்லாருக்கும் இந்த மடல். விரல்மூட்டு வலிக்கிறது என்று நிறுத்தியவர்களும், கிட்டாரில் பழகிய கை இதற்குள் அடங்கவில்லை என்று அலுத்துக்கொண்டவர்களும் இதில் சேர்த்தி.

விரல்மேல் பழி போட்டது அவசரம் என்றுதான் சொல்வேன். வாங்கும்போது மரம் கோவாவா மகோகனியா, சாலிட் டாப்பா லேமினேட்டா, பை கூட வருமா, டியூனர் இலவசமா என்றெல்லாம் விசாரித்திருப்பீர்கள். வாசிக்கும் நேரமெல்லாம் இடது கை பிடித்துக்கொண்டிருக்கப்போகிற அந்த நெக் எத்தனை மில்லிமீட்டர் அகலம், அதன் முதுகு உருண்டையா தட்டையா என்று கேட்டீர்களா? கேட்டிருந்தாலும் பல கடைகளில் பதில் கிடைத்திருக்காது. "பழகினா சரியாயிடும் சார்" என்பார்கள். பாதிதான் உண்மை. சில நெக் சில கைகளுக்கு எவ்வளவு பழகினாலும் சரியாகாது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நெக்கின் தலைமாட்டில், தந்திகள் நான்கும் ஆளுக்கொரு பள்ளத்தில் உட்கார்ந்து போகும் சிறு கட்டைக்கு நட் என்று பெயர். சந்தையில் கிடைக்கும் யுகுலேலேக்களில் பெரும்பாலானவற்றில் அதன் அகலம் 35 மி.மீ. அளவில் இருக்கும். இரண்டு ஓரத்திலும் மூன்றரை மி.மீ. விட்டால், முதல் தந்திக்கும் கடைசித் தந்திக்கும் நடுவே 28 மி.மீ. மிஞ்சும். அதில் மூன்று இடைவெளிகள், ஒன்றுக்கு 9.3 மி.மீ. இப்போது கிட்டாருக்கு வாருங்கள். இரும்புத் தந்திக் கிட்டாரின் நட் 43 மி.மீ. வாக்கில் இருக்கும். ஆனால் தந்தி ஆறு. ஓரம் போக மிஞ்சும் 36 மி.மீட்டரை ஐந்தாகப் பங்கிட்டால் ஓர் இடைவெளிக்கு 7.2 மி.மீ.தான் வரும். 52 மி.மீ. நட் கொண்ட கிளாசிக்கல் கிட்டாரிலும் அது 8.6 மி.மீ. அளவில் நின்றுவிடும். சாதாரண மாண்டலினில் நட்டே 29 மி.மீ. அளவுதான், அதற்குள் இரட்டை இரட்டையாக எட்டுத் தந்திகள்.

தந்திக்கும் தந்திக்கும் நடுவே யுகுலேலே தருகிற இடம் கிட்டார் தருவதைவிட அதிகம் என்று ஆகிறது. நம்பச் சிரமமாக இருந்தால் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். தடித்த விரலோடு கிட்டாரில் வெளுத்து வாங்குகிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். யுகுலேலேயிலேயே உதாரணம் வேண்டுமானால் ஹவாயின் இஸ்ரயேல் காமாகாவிவோஓலே. ஒரு கட்டத்தில் 300 கிலோவுக்கு மேல் எடை இருந்த மனிதர். அவர் மடியில் அந்த வாத்தியம் விளையாட்டுச் சாமான் போலத் தெரியும். 1993-இல் வந்த அவருடைய ‘ஃபேசிங் ஃபியூச்சர்’ தொகுப்பைக் கேட்டுவிட்டு யுகுலேலே வாங்கியவர்கள் உங்களில்கூட இருப்பீர்கள்.

அப்படியானால் நெருக்கம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி நீளவாக்கிலிருந்து. ஒரு ஃப்ரெட்டுக்கும் அடுத்த ஃப்ரெட்டுக்கும் உள்ள தூரத்தைத் தீர்மானிப்பது தந்தியின் நீளம், அதாவது நட்டிலிருந்து கீழே தந்தி ஏறி இறங்கும் சேடில் வரை உள்ள நீளம். சொப்ரானோவில் அது ஏறக்குறைய 345 மி.மீ.; கான்செர்ட்டில் 380; டெனரில் 430; பாரிடோனில் 510 அளவில். டி கார்டுக்கு மூன்று விரல்கள் போய் உட்கார வேண்டிய இரண்டாம் ஃப்ரெட்டின் இடம் சொப்ரானோவில் 18 மி.மீட்டர்தான். கான்செர்ட்டில் 20. டெனரில் 23 அளவு. கிட்டாரிலோ 34 மி.மீ. கிட்டாரில் ஏ கார்ட் பிடிக்கும்போது மூன்று விரல்களும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து, கொஞ்சம் முன்னே பின்னே நின்றுகொள்ளும். சொப்ரானோவில் அப்படிச் சரிந்து நிற்க இடம் கிடையாது. மூன்றும் ஒரே கோட்டில் தோளோடு தோள் நின்றாக வேண்டும். பெரியவர்களின் விரல்நுனி பெரும்பாலும் 9.3 மி.மீட்டரைவிட நன்றாகவே அகலம் என்பதால் நெரிசல்.

நெக்கைத் தேர்ந்தெடுப்பது என்றால் அகலம், நீளம் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது என்று இதனால்தான் சொல்கிறேன். ஒன்றில் கிடைக்கும் சலுகை இன்னொன்றின் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டும். 35 மி.மீ. நட் கொண்ட டெனரில் சுலபமாக டி பிடிப்பவர், அதே 35 மி.மீ. சொப்ரானோவில் திணறுவார். மறுபக்கமும் உண்டு. இ கார்டை 1-4-0-2 என்று பிடிக்கும் வழி ஒன்று இருக்கிறது: ஜி தந்தியில் முதல் ஃப்ரெட், சி தந்தியில் நாலாவது, ஏ தந்தியில் இரண்டாவது. ஒன்றுக்கும் நாலுக்கும் நடுவே விரல் விரிய வேண்டிய தூரம் சொப்ரானோவில் 52 மி.மீ.; டெனரில் 65. சின்னக் கைக்காரர்கள் "பெரிசு வாங்கினால் வசதி" என்ற பேச்சைக் கேட்டு டெனர் வாங்கிவிட்டு, டி சுலபமாகி இ கார்டில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

சொப்ரானோ, டெனர் என்ற இந்தப் பெயர்கள் கொஞ்சம் ஏமாற்றும். 1879-இல் மதீரா தீவிலிருந்து ‘ரேவன்ஸ்கிராக்’ என்ற கப்பலில் ஹொனலூலு வந்திறங்கிய போர்த்துக்கீசியர்களில் மூன்று தச்சர்கள் இருந்தார்கள். அவர்கள் ஊரின் மஷேட் என்ற நாலு தந்தி வாத்தியத்திலிருந்து பிறந்ததுதான் யுகுலேலே. அந்த முதல் அளவுதான் இன்றைய சொப்ரானோ. கரும்புத் தோட்டத்தில் வேலை செய்யும் வளர்ந்த ஆண்களின் கைக்கு உண்டான வாத்தியம் அது, குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டதல்ல. மேடையில் சத்தம் போதவில்லை என்று 1920-களில் கான்செர்ட்டும் டெனரும் வந்தன. உடல் பெரிதானது, தந்தி நீண்டது. நட்டின் அகலம் கூடவே கூடியாக வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது. இன்றும் காலா நிறுவனத்தின் சாதாரண வகைகளைப் பார்த்தால் சொப்ரானோ, கான்செர்ட், டெனர் மூன்றிலும் நட் அதே 35 மி.மீ.தான். செருப்புக்கடையில் ஒன்பதாம் நம்பர் என்றால் நீளம் தெரியும், பாதம் அடங்குமா என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும். டெனர் என்ற பெயரும் அவ்வளவுதான் சொல்கிறது. இணையத்தில் 21 இஞ்ச், 23 இஞ்ச், 26 இஞ்ச் என்று போட்டிருப்பதோ வாத்தியத்தின் தலை முதல் அடி வரை உள்ள மொத்த நீளம். விரலுக்கு அதனால் ஒரு தகவலும் இல்லை.

அகலம் வேண்டுகிறவர்கள் தேட வேண்டிய எண் 38. ஒன்றரை இஞ்ச் நட் என்று விவரக் குறிப்பில் இருக்கும். ஹவாய்க்காரர்களின் கோஓலாவ் நிறுவனம் இந்தோனேசியாவில் செய்வித்து விற்கும் போனோ டெனர்கள் இந்த வகைக்குப் பேர்போனவை; முதுகும் நன்றாகத் திரண்டிருக்கும். 35-க்கும் 38-க்கும் வித்தியாசம் வெறும் மூன்று மி.மீ.தானே என்று தோன்றலாம். அதே ஓரம் விட்டுக் கணக்குப் போட்டால் ஓர் இடைவெளி 9.3-இலிருந்து 10.3 ஆகிறது. இடைவெளிக்கு ஒரு மி.மீ. பக்கத்துத் தந்தியில் விரல் உரசி ‘டொக்’ என்று அடைத்துக்கொள்வதற்கும், அது தெளிவாக ஒலிப்பதற்கும் அந்த ஒரு மி.மீ. பல சமயம் போதும்.

இன்னொரு சங்கதி. நட்டின் அகலத்தை மட்டும் நம்பாதீர்கள். பள்ளங்கள் எங்கே வெட்டப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். மலிவான வாத்தியங்களில் ஓரத்தில் ஐந்து மி.மீ. வரை வீணாக விட்டுவிட்டு, தந்திகளை நடுவில் குவித்து வைத்திருப்பார்கள். 36 மி.மீ. நட் இருந்தும் உங்களுக்குக் கிடைப்பது 26 மி.மீ. இதற்குப் புது வாத்தியம் வாங்க வேண்டாம். நட் என்பது பெரும்பாலும் இரண்டு சொட்டுப் பசையில் ஒட்டியிருக்கும் சிறு துண்டு. கிட்டார் ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்தால் கழற்றிவிட்டு, ஓரத்தில் மூன்று மி.மீ. மட்டும் விட்டுப் பள்ளம் வெட்டிய வேறொன்றைப் பொருத்துவார். அதற்கும் குறைத்தால் ஏ தந்தி விரலோடு சேர்ந்து விளிம்பை விட்டு வழுக்கிவிடும், ஜாக்கிரதை.

இனி நெக்கின் முதுகு. அளவுகோலில் சிக்காத விஷயம் என்பதால் யாரும் பேசுவதில்லை. என் அனுபவத்தில் வலியின் பாதிக் கதை இங்கேதான் இருக்கிறது. நெக்கைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் பின்புறம் சீரான அரைவட்டம். சிலவற்றில் முதுகு தட்டை, ஓரங்கள் மட்டும் வளைவு. பழைய பாணியில் செய்தவற்றில் நடுவே மெல்லிய முகடு ஓடும். இவற்றுக்கு மேல் தடிமன் வேறு. ஒல்லியான நெக்குக்கும் கனத்த நெக்குக்கும் இரண்டு மூன்று மி.மீ. தேறும்.

ஒல்லியான நெக்தான் சுகம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. விளம்பரங்களும் அதையே பாடுகின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெரிய உள்ளங்கைக்காரர் ஒல்லி நெக்கைப் பிடித்தால் கட்டைவிரலும் மற்ற விரல்களும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொடும் அளவுக்கு மடங்கும். பத்து நிமிடத்தில் கட்டைவிரலின் அடிச்சதை இறுகி வலிக்கத் தொடங்கும். அவருக்கு வேண்டியது உள்ளங்கையை நிரப்பும் உருண்டையான, கனத்த நெக். விரல் நீளம் குறைவானவருக்கோ கனத்த நெக் வேறு விதமாகத் தொல்லை தரும். சுற்றி வருவதற்குள் விரல் தீர்ந்துவிடுவதால் நுனி நேராக இறங்காமல் படுத்தவாக்கில் விழும். படுத்த விரல் பக்கத்துத் தந்தியையும் சேர்த்து அமுக்கும். அவரும் "என் விரல் தடிமன்" என்றுதான் சொல்வார்! தடிமன் விரலில் இல்லை, நெக்கில் இருக்கிறது.

தட்டை முதுகு, கட்டைவிரலை நெக்கின் பின்னால் நடுவில் ஊன்றி வாசிக்கிறவர்களுக்குப் பொருந்தும். கிளாசிக்கல் கிட்டார் படித்தவர்கள் பெரும்பாலும் இந்த வகை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் நெக்கைத் தாங்கி வாசிக்கிறவர்களுக்கு அரைவட்டமோ லேசான முகடோ உறுத்தாமல் உட்காரும். நீங்கள் எந்த வகை என்பது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். வாசிக்கும்போது யாரையாவது பின்பக்கத்திலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும்.

சொல்லப்போனால், நெக்கைத் தாங்குவது இடது கையின் வேலையே அல்ல. வார் இல்லாமல் நின்றுகொண்டு வாசிக்கும்போது அது வேறு வழியின்றி இரண்டு வேலை பார்க்கிறது: ஒன்று சுமப்பது, இன்னொன்று கார்ட் பிடிப்பது. சுமக்கும் கை சுதந்திரமாக நகராது. அடியில் ஒரு குமிழ், நெக்கின் வேர்ப்பகுதியில் ஒரு குமிழ் அடித்து வார் மாட்டிக்கொண்டால், ‘இந்த நெக் சரியில்லை’ என்று நினைத்தவர்களில் பலருக்கு அதே நெக் சரியாகிவிடும். ஹவாயில் பழைய ஆட்கள் வார் இல்லாமல் மார்போடு அணைத்து வாசித்தார்கள் என்று சிலர் பெருமை பேசுவார்கள். பேசட்டும். உங்களுக்கு மூட்டு வலி இருக்கிறது, வாரை மாட்டுங்கள்.

நெக்கின்மேல் விழும் இன்னொரு அநியாயப் பழி, நட்டின் உயரத்தால் வருவது. குறைந்த விலை யுகுலேலேக்களில் நட்டின் பள்ளங்களைப் போதிய ஆழத்துக்கு வெட்டாமல் அனுப்பிவிடுவது சகஜம். தந்தி உயரத்தில் நிற்பதால் முதல் இரண்டு ஃப்ரெட்டுகளில் பலம் கொண்டமட்டும் அமுக்க வேண்டியிருக்கும். அமுக்க அமுக்க விரல்நுனி பரந்து அகலமாகும், சுருதியும் ஏறிவிடும். சோதிப்பது சுலபம். தந்தியை இரண்டாம் ஃப்ரெட்டுக்கும் மூன்றாம் ஃப்ரெட்டுக்கும் நடுவே அமுக்குங்கள். இப்போது முதல் ஃப்ரெட்டின் மேல் தந்திக்கும் உலோகத்துக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் அளவு இடம் இருந்தால் போதும். அதைவிட நிறைய இருந்தால் பள்ளத்தை அரத்தால் ராவ வேண்டும். கிட்டார்க்காரர்கள் செட்அப் என்று சொல்வது இதையும் சேர்த்துத்தான். சில வாத்தியங்களில் நட்டை ஒட்டியே ஜீரோ ஃப்ரெட் என்று ஒன்று இருக்கும்; அவற்றில் இந்தத் தலைவலி அநேகமாக வராது.

மூட்டு வலிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு முதல் எதிரி தந்தியின் இழுவிசை, அகலம் அப்புறம்தான். ஒரே சுருதிக்கு ஏற்றினால் நீளமான தந்தி அதிகமாக இழுக்கும் என்பதால் டெனர் உங்கள் விரலுக்குக் கடினமாகத் தோன்றலாம். அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கி வைத்து வாசியுங்கள்; பாடுவதற்கும் பல சமயம் அதுவே தோது. சொப்ரானோவின் ஓசை பிடித்து, அதன் நெருக்கம் மட்டும் பிடிக்காதவர்களுக்கு லாங் நெக் சொப்ரானோ என்று ஒன்று கிடைக்கிறது: உடல் சொப்ரானோ, நெக் கான்செர்ட். நம் ஊர்க் கடைகளில் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை, கேட்டு வரவழைக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் முதல் பரிந்துரை இதுதான், 36 மி.மீட்டருக்குக் குறையாத நட்டோடு.

கிட்டாரிலிருந்து வருகிறவர்கள் பாரிடோனைப் பார்க்கலாம். கிட்டாரின் கீழ் நான்கு தந்திகளின் சுருதியே அதற்கும் என்பதால் விரல் ஞாபகம் அப்படியே செல்லும். ஆனால் யுகுலேலேயின் அந்தத் துள்ளல் அதில் குறைவு. எனக்குப் பிடிக்காது, உங்களுக்குப் பிடிக்கலாம்.

கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஓர் ஒத்திகை பார்க்கலாம். கனமான அட்டை ஒன்றில் 9.3 மி.மீ. இடைவிட்டு நாலு நீளக்கோடுகள் போடுங்கள். குறுக்கே, நட்டுக்கு ஒரு கோடு, அதிலிருந்து 19 மி.மீட்டரில் முதல் ஃப்ரெட், அங்கிருந்து 18-இல் இரண்டாவது. இது 35 மி.மீ. சொப்ரானோ. பக்கத்திலேயே 10.3 மி.மீ. இடைவெளியில், 24, 23 என்ற தூரங்களில் இன்னொன்று வரையுங்கள். அது 38 மி.மீ. டெனர். இரண்டின்மீதும் டி கார்டுக்கு விரல்களை நிறுத்திப் பாருங்கள். நடுவிரல் எந்தக் கோட்டை மிதிக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். டி கார்டுக்கு மூன்று விரல் கட்டாயம் என்றும் இல்லை. ஜி, சி இரண்டு தந்திகளையும் நடுவிரல் ஒன்றாலேயே அமுக்கி, இ தந்திக்கு மோதிர விரலை வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே விரலைப் படுக்க வைத்து மூன்று தந்திகளையும் அமுக்கி, கணுவைப் பின்னால் வளைத்து ஏ தந்தியைத் திறந்துவிடுகிறவர்களும் உண்டு. நெக்கைக் குறை சொல்வதற்குமுன் இவற்றையும் ஒரு தடவை முயன்று பாருங்கள்.

கடையில் முதலில் ஒலியைக் கேட்காதீர்கள், கேட்டால் மயங்கிவிடுவீர்கள். நெக்கின் இரண்டு விளிம்புகளிலும் விரலை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். ஃப்ரெட் முனைகள் கீறினால், மரம் காய்ந்து சுருங்கி உலோகம் துருத்தியிருக்கிறது என்று அர்த்தம். ராவினால் சரியாகிவிடும், ஆனால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஏ.சி. அறையிலேயே நாள் முழுக்கத் தொங்கவிட்டாலும் இப்படி ஆகும்; வீட்டிலும் அதைக் கவனியுங்கள். பிறகு டி, ஜி, மறுபடி டி என்று நிதானமாக ஐந்து நிமிடம் மாற்றிக்கொண்டிருங்கள். தந்தி அடைத்தால் இடைவெளி போதவில்லை. கட்டைவிரலின் அடியில் வலித்தால் முதுகின் வடிவமோ தடிமனோ ஒத்துவரவில்லை. மணிக்கட்டு வலித்தால் பிடிக்கும் முறையைப் பாருங்கள். விரல்நுனி மட்டும் எரிந்தால் ஒன்றும் பயமில்லை, அதுதான் உண்மையிலேயே பழகினால் சரியாகிற வலி.

இணையத்தில்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், நட் அகலமும் தந்தி நீளமும் எழுதாத வாத்தியத்தை வாங்காதீர்கள், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும். கேட்டு எழுதுங்கள், அளந்து சொல்ல மறுக்கிறவரிடம் திருப்பி அனுப்பும் வசதியும் சந்தேகம்தான். பணம் அளவாக இருந்தால் கோவா மரத்தையும் சிப்பி வேலைப்பாட்டையும் விட்டுவிட்டு, நெக் பொருந்துகிற சாதாரண லேமினேட்டை எடுங்கள். மிஞ்சியதில் செட்அப்பும் வாரும் ஆகிவிடும்.

அன்புடன்,
உங்களைப் போலவே தடித்த விரல்களோடு வாசிக்கும் ஒருவன்

பி.கு.: இடது கைப் பழக்கமுள்ள இருவர் கேட்டதால் இது. தந்திகளை வரிசை மாற்றிக் கட்டினால் போதும் என்று கடையில் சொல்வது முக்கால்வாசி சரி. ஓரத்திலுள்ள ஜி, ஏ தந்திகள் பருமனில் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் இடம் மாறினாலும் பெரிய தொந்தரவு இல்லை. நடுவிலுள்ள சி தந்தி மட்டும் பருமன். இ தந்தியின் பள்ளத்தில் அது உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். அந்த ஒரு பள்ளத்தை அகலப்படுத்தச் சொல்லுங்கள். நெக்கின் முதுகு இருபுறமும் ஒரே மாதிரி வளைந்தால் அதற்கு மேல் செலவில்லை.